வடதிருநெல்வேலியின் கூடாரவாசி: ராக்லாண்டு ஐயர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் பெருவழியில் ஒருமுறையேனும் போயிருப்பவர்க்கு அந்நாட்டின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வலப்புறத்தே மேற்குத் தொடர்ச்சி மலை நீலமதில் போல நிற்கும். பின்னே திரும்பிப் பார்க்குந்தோறும் ஆண்டாள் திருக்கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தோன்றிக்கொண்டிருக்கும். மலையோரத்தில் கண்மாய்களும் நெல்வயல்களும் தோப்புகளும் நெருங்கிக் கிடக்க, கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் போகப்போக நிலம் கறுத்து, பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசலாக மாறிவிடும். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவின் வடபாகமாயிருந்தது.

இந்த வடபாகத்திலே, தமக்கென ஒரு மனை கட்டிக்கொள்ளாமல், துணிக்கூடாரத்தையே வீடாகக் கொண்டு ஊர் ஊராய்த் திரிந்து, இறுதியிற் சிவகாசியில் உயிர் நீத்த ஆங்கிலேயர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் பெயர் தாமஸ் கஜெட்டன் ராக்லாண்டு. திருநெல்வேலிச் சீமையில் மிஷனெரிமாரை ஐயர் என்று அழைப்பது பழைய வழக்கமாதலால், ராக்லாண்டு ஐயர் என்றே நாமும் அவரைக் குறிப்போம். ரேனியுஸ் ஐயரையும், கால்டுவெல் ஐயரையும், மெய்ஞ்ஞானபுரம் தாமஸ் ஐயரையும் நம் மாணவர் நன்கறிவர். அவர்கள் கட்டிய கோயில்களும் பள்ளிகளும் இன்றும் கண்முன் நிற்கின்றன. ராக்லாண்டு ஐயர் அங்ஙனம் ஒன்றும் கட்டி வைத்தவரல்லர். கூடாரம் அடித்தவனுக்கு முளைக்குழியன்றி வேறு என்ன அடையாளம் மிஞ்சும்? அவர் பெயர் நம்மவரிடையே மங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

இவர் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜிப்ரால்டரிலே பிறந்தார். தந்தையார் படைத்தொழிலில் இருந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து, லிவர்ப்பூல் நகரில் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். வாலிபத்தில் வியாபார நிலையத்திலே கணக்கெழுதும் வேலை அவருக்கு வாய்த்தது. பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியிற் புகுந்து, 1841-இல் கணிதப் பரீட்சையில் முதல் வகுப்பினருள் நான்காமவராகத் தேறினார். அவ்வகுப்பிற் தேறினவரை ராங்கிளர் என்பது அச்சர்வகலாசாலை வழக்கு. அஃது எளிதிற் கிட்டும் பட்டமன்று. கல்லூரி அவரைத் தன் பெல்லோக்களுள் ஒருவராகத் தெரிந்துகொண்டது. அந்நாளில் பெல்லோவாயிருப்பவர் விவாகம் செய்துகொண்டால் அப்பதவியை இழந்துவிடுவர். எனவே தாய்மடியும் அறியாமல், மனைவி மக்களும் இல்லாமல், நூல்களும் மாணவரும் சூழ்ந்த ஓர் அமைதியான வாழ்வு அவர்முன் விரிந்து கிடந்தது. விரும்பியிருந்தால் முதுமை வரை அதிலேயே இருந்திருக்கலாம்.

அவரோ அதைத் துறந்து, சர்ச் மிஷனெரி சங்கத்தின் ஊழியராக 1846-இல் சென்னை வந்து சேர்ந்தார். சங்கம் அவருக்குக் கொடுத்தது காரியதரிசி உத்தியோகம். தென்னிந்தியாவில் அச்சங்கத்தின் மிஷனெரிமார் அனைவருடைய கடிதங்களும் கணக்குகளும் அவர் மேசைக்கு வந்தன. லிவர்ப்பூலிற் பேரேடு பார்த்த கை அல்லவா? வேலை ஒழுங்காகவே நடந்தது. ஆயினும் அவ்வேலை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. பங்களாவும் பங்காவும் பணியாளும் உள்ள சென்னை வாழ்வில், தமிழ் ஒரு சொல்லும் கல்லாமலே ஒருவர் காலங்கழித்துவிட இயலும். பலர் அங்ஙனம் கழித்தும் இருக்கின்றனர். ராக்லாண்டு ஐயருக்கு இதுவே பெரிய மனக்குறையாயிற்று. தமிழருக்கென்று வந்தவன் தமிழரோடு பேச இயலாமல் கடிதக் கட்டுகளுக்கிடையே காலம் போக்குவதா என்ற எண்ணம் அவரை அரித்தது. பிற்காலத்தில் அவர், நாட்டு மக்களின் தாய்மொழியிலேயே பிரசங்கித்தலின் இன்றியமையாமையைப் பலபட வற்புறுத்தி எழுதியது இக்குறையினின்று பிறந்ததேயாம்.

காரியதரிசி என்ற முறையில் அவர் திருநெல்வேலி ஜில்லாவைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். அங்கே கண்ட காட்சியே அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அதை விளங்கிக்கொள்வதற்கு, தென்பாகத்து மிஷன் பங்களாக்களில் அப்போது வாழ்க்கை எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது கூறவேண்டும்.

தென்பாகம் தேரி மணலும் பனையும் நிறைந்த நாடு. தாமஸ் ஐயர் தம் மனைவியாருடன் மெய்ஞ்ஞானபுரத்தில் குடியேறிய பொழுது அவ்விடம் காற்றடித்தால் மணல் பறக்கும் வெளியாயிருந்தது. கிணறு தோண்டினார்கள், மரம் வைத்தார்கள், பள்ளி கட்டினார்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது நிழல் உள்ள ஊராயிற்று. அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் கற்ற கால்டுவெல் ஐயர் 1841-இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகக் கால்நடையாகவே வந்து இடையன்குடியில் அமர்ந்தார். 1844-இல் அவர் மணந்த எலைசா அம்மையார் நாகர்கோவில் மிஷனெரியாகிய மால்ட் ஐயரின் மகளார். தமிழ் வழங்கும் ஊரில் வளர்ந்தவராதலின் தமிழ் அவருக்கு இளமைமுதற் பழகிய மொழி. கணவர் இலக்கணங்களை ஒப்புநோக்கிக்கொண்டிருக்க, அம்மையார் திண்ணையிற் பெண்களோடு பேசி, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, நாகர்கோவிலில் தம் தாயார் தொடங்கிய பின்னல் வேலையை இடையன்குடிப் பெண்களுக்கும் கற்பித்து, அவர்கள் கையில் நாலு காசு வரும்படி செய்தார்.

அந்நிய நாட்டில் ஒரு குடும்பம் வேரூன்றும் விதம் இதுதான். அதற்கு விலையும் உண்டு. வெயிலிலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் கைக்குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார் மிஷன் கல்லறைத் தோட்டங்களில் எத்தனையோ பேருடைய பெயர்களை விட்டுச்சென்றிருக்கின்றனர். பிழைத்த பிள்ளைகளையும் ஆறேழு வயதில் கல்விக்காகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் கடிதத்தையே பிள்ளையாகப் பாவித்திருந்த பெற்றோர் பலர். கடல் கடந்து வந்தவரின் துன்பங்களுள் இதனினும் பெரிது வேறொன்று இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. உணவும் உடையும் பழகிவிடும், இது பழகாது.

ராக்லாண்டு ஐயர் தென்பாகத்துச் சபைகளின் செழிப்பைக் கண்டு மகிழ்ந்தார். கூடவே மற்றொன்றையும் கண்டார். குடும்பத்தோடு ஒரு பங்களாவில் அமர்ந்த மிஷனெரி, தம் சபைகளையும் பள்ளிகளையும் கவனிப்பதிலேயே பொழுது முழுதும் செலவிட வேண்டியவராகின்றார். வழக்குத் தீர்ப்பதும், உபதேசிமாருக்குச் சம்பளம் அளப்பதும், கட்டட வேலை பார்ப்பதும் அவர் தலைமேல் வந்து விழுகின்றன. வடக்கே ஏறக்குறைய 1,400 சதுர மைல் பரப்பில், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ள நாட்டிற்குப் போக அவருக்கு நேரமில்லை. கணிதப் புலவராகிய ராக்லாண்டு ஐயருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கிற்று. வடபாகத்திற் பங்களா வேண்டா, கூடாரங்கள் போதும். சில ஆண்டுகளேனும் விவாகமில்லாமல் இருக்க இசைபவர் சிலர் வேண்டும். அவர்கள் ஓரிடத்திலும் தங்கிவிடாமல், எல்லா ஊர்களுக்கும் முறைவைத்துச் சென்றுகொண்டேயிருக்க வேண்டும். இதுவே அவர் திட்டம். காரியதரிசி உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தாமே அதற்கு முன்வந்தார். கேம்பிரிட்ஜிற் கற்ற இளைஞர் இருவர் அவரோடு சேர்ந்தனர். ஒருவர் டேவிட் பென் ஐயர். கோட்டயத்தில் முன்னர் ஊழியஞ்செய்த ஜோசப் பென் ஐயரின் மகன். மற்றவர் மெடோஸ் ஐயர். 1854-இல் மூவரும் வடதிருநெல்வேலியிற் கூடாரம் அடித்தனர். ராக்லாண்டு ஐயருக்கு அப்போது முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயது. புதுமொழி ஒன்றை நாவிற்குப் பழக்குவதற்கு அஃது ஏற்ற வயதன்று என்பதைத் தமிழ் கற்க முயன்ற எந்த ஐரோப்பியரும் ஒப்புவர்.

தமிழ் மட்டும் போதுமாயிருந்தாலும் ஒருவாறு சமாளித்திருக்கலாம். இராஜபாளையத்தில் ராஜுக்களின் வீட்டு மொழி தெலுங்கு. அவர்கள் முன்னோர் ஆந்திர நாட்டிலிருந்து வந்தவர். கரிசற் பக்கத்து நாயக்கர், ரெட்டியார் ஊர்களிலும் அப்படியே. மதுரை நாயக்கர் ஆட்சியின் சுவடு இந்நாடெங்கும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை இன்னும் நிற்கின்றது. ஆகவே பாளையங்கோட்டையில் முன்ஷியிடம் கற்ற செந்தமிழோடு ஒருவர் இங்கே வந்து தெருவில் நின்றால், ஒரு வீதியில் பேசியது அடுத்த வீதியில் வேறு ஓசையாய்த் திரும்பி வரும். இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. தமிழும் தெலுங்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதைக் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தால் 1856-இல் உலகிற்கு நிலைநாட்டினார். அதே ஆண்டில் அச்சகோதர மொழிகள் இரண்டும் ஒரே சந்தையில் விலை பேசிக்கொண்டிருந்ததை ராக்லாண்டு ஐயர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கு அது நூலாயிற்று. மற்றவருக்கு அது தலைவலியாயிற்று.

கூடார வாழ்வு வேட்டைக்குப் போகும் துரைமாருக்கு இன்பமாயிருக்கலாம். ஆண்டு முழுவதும் அதில் வாழ்வது வேறு. சித்திரை, வைகாசியில் தோப்பு நிழலில் அடித்த கூடாரத்துக்குள்ளும் நண்பகலில் அனல் நிற்கும். புத்தகத்தின் அட்டை நெளியும். மை பேனாவின் முனையிலேயே உலரும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே மேல்காற்று வீசத் தொடங்கினால் இராஜபாளையப் பக்கத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; கூடாரத்துணி எம்மாத்திரம்? இரவெல்லாம் கயிற்றையும் முளையையும் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. கரிசல் மண் நனைந்துவிட்டால் வண்டிச் சக்கரத்தில் ஆளளவு அப்பிக்கொள்ளும். மாடு முழங்கால் மடித்துப் படுத்துவிடும். மலையடிவாரத்து ஊர்களில் நல்ல தண்ணீர் கிடைக்கும். கிழக்கே பல ஊர்களில் கிணற்று நீர் உப்பு. குடிதண்ணீரை மொண்டு வருவதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியில் ஏறக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் வீட்டுச்சாமான். கட்டில், நாற்காலி, மேசை, சில நூல்கள், சமையற் பாத்திரம், மருந்துப் பெட்டி. இவற்றிற்கு மேற்பட்டதெல்லாம் அடுத்த ஊருக்குப் போகுங்கால் சுமையாகிவிடும். கேம்பிரிட்ஜில் நூலகத்தின் நடுவில் வாழ்ந்தவருக்கு இச்சுருக்கம் எளிதாயிருந்திராது. பகற்பொழுது இவ்வாறு கழியும்: வெள்ளி முளைக்கும் வேளையில் எழுந்து, வெயில் ஏறுமுன் அண்டையிலுள்ள இரண்டொரு ஊர்களுக்குப் போய்ச் சாவடியிலோ ஆலடியிலோ கூடினவர்களோடு பேசுதல், திரும்பி வந்து உணவு, பின்பு தமிழ்ப் பாடமும் கடிதமும், கூடாரத்தைத் தேடி வருபவரோடு உரையாடல், வெயில் தாழ்ந்த பிறகு மறுபடியும் ஓர் ஊர். சில நாளில் அச்சுற்று முடிந்தவுடன் முளை பிடுங்கி, வண்டி கட்டி, அடுத்த இடம். நாட்டை வட்டம் வட்டமாய்ப் பகுத்து, எந்த ஊரும் விடுபடாதபடி முறைவைத்துச் சென்றனர். ஒருமுறை போய் வந்ததோடு விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் போயினர். நான்கு ஆண்டுகளில் ஒழிவின்றி இவ்வாறு நடத்தியது, அவர் பேரேட்டுப் பழக்கமும் கணிதப் பயிற்சியும் வெயிலில் செய்த வேலை என்றே சொல்லவேண்டும்.

ஊரார் அவர்களை எங்ஙனம் ஏற்றனர்? நம் நாட்டு ஊர்களில் அயலான் ஒருவன் வந்தால் முதலில் எந்த ஊர் என்பர். அடுத்து என்ன குலம் என்பர். மூன்றாவது பெண்டாட்டி பிள்ளைகள் எத்தனை பேர் என்பர். முதல் இரண்டு கேள்விகளுக்கும் வெள்ளைக்காரர் எவ்வகையிலேனும் விடை சொல்லிவிடலாம். நாற்பது வயதை நெருங்கும் ஒருவர், குதிரையும் வேலைக்காரரும் உடையவர், பெண்டாட்டி இல்லை என்றால் நம் பாட்டிமார் என்ன நினைப்பர்? சந்நியாசி என்றால் காவி வேண்டும். காவியும் இல்லை, குடும்பமும் இல்லை. அவர்களை எந்த ஏட்டில் எழுதுவது என்று ஊருக்குத் தெரியவில்லை.

இது நகைக்கத்தக்க சிறு செய்தியன்று. ராக்லாண்டு ஐயரின் திட்டத்தில் உள்ள பெருங்குறையே இங்குத்தான் இருக்கின்றது என்பது எம் கருத்து. மூன்று பிரமசாரிகள் தெருவிற் கூடும் ஆடவரோடு பேசலாம். வீட்டினுள்ளே இருக்கும் பெண்களோடு பேசுவதற்கு வழியில்லை. ஊரின் பாதி அவர்களுக்குப் பூட்டிய கதவாகவே இருந்தது. எலைசா அம்மையார் ஒரு பிற்பகலில் இடையன்குடித் திண்ணையிற் செய்தது போன்ற வேலையை இம்மூவரும் ஓராண்டிலும் செய்ய இயலாது. அன்றியும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாள் கஷாயம் கொண்டு ஓடிவருவாள். அத்தகைய கைம்மாற்றுகளால்தான் அந்நியன் ஊரானாகின்றான். சில நாளிற் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுபவனுக்கு அக்கடன் ஏறுவதுமில்லை, தீர்வதுமில்லை. தென்பாகத்துக் குடும்பங்கள் ஆழ உழுதன. வடபாகத்துக் கூடாரங்கள் அகல உழுதன. ராக்லாண்டு ஐயர் தாம் எதைத் தெரிந்துகொண்டார், எதை இழந்தார் என்பதை அறியாதவரல்லர். ஆயிரம் ஊர்களுக்கும் ஒருவரேனும் போகவேண்டும் என்ற கட்டாயம் அவரிடம் மற்றெல்லாவற்றையும் வென்றுவிட்டது.

குடும்பம் இல்லாத அவருக்குக் குடும்பம் ஒன்று வேறு வழியாய்ச் சேர்ந்தது. தென்பாகத்துத் தமிழ்ச் சபைகள், வடக்கே நடக்கும் இவ்வேலையில் தாங்களும் பங்குபெற விரும்பி, தங்கள் உபதேசிமாரை முறைவைத்து மாதந்தோறும் அனுப்பின. அவர்களுக்குரிய செலவையும் அச்சபைகளே தண்டிக் கொடுத்தன. பனையேறிகளும் சிறு குடியானவர்களும் நிறைந்த சபைகள் அவை. கருப்புக்கட்டி விற்ற காசில் அந்தச் செலவு நடந்தது என்று சொல்வது மிகையன்று. இந்த உபதேசிமாரே ராக்லாண்டு ஐயரின் நாவாயும் செவியாயும் இருந்தனர். ஐயரின் தமிழ் தடுமாறிய இடத்தில் இவர்களே எடுத்து விளக்கினர். எந்த ஊரில் எப்படிப் பேசுவது, எந்தத் தெருவில் எவ்வளவு தூரம் போகலாம், யாரிடம் முதலில் வணக்கம் சொல்வது என்பனவெல்லாம் கேம்பிரிட்ஜ் கற்பியாதவை. இவர்களுக்கும் இஃது அந்நிய நாடே என்பதை மறக்கலாகாது. தேரிக்காட்டிலிருந்து கரிசலுக்கு வருவது, உணவும் தண்ணீரும் பேச்சும் மாறிய ஓர் இடத்திற்கு வருவதேயாம். அன்றியும், தென்பாகத்துச் சாதியார் சிலரை வடபாகத்து ஊர்த் தெருக்கள் எளிதில் ஏற்கும் காலமன்று அது. வெள்ளைக்கார ஐயருக்குக் கிடைத்த மரியாதை அவர் பின்னே நடந்தவருக்குக் கிடைத்திராது. ஐயரின் சரித்திரம் அச்சாகிவிட்டது. மாதம் ஒருவராய் வந்து போன அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களை நாம் அறியோம்.

வேலையின் பலனை எண்ணிக்கையால் அளந்தால் அது சிறிதே. தெற்கே ஊர் ஊராய்ச் சபைகள் பெருகியது போல் வடக்கே பெருகவில்லை. பங்களாவும் பள்ளியும் இல்லாமல் ஊரைச் சுற்றி வருவதில் என்ன பயன் என்று எவரேனும் கேட்டால் காட்டுவதற்கு அவர் கையில் அதிகம் இல்லை. கணக்கிலே வல்லவர் தம் வாழ்நாளின் கணக்கு இவ்வளவு குறைவாய் வரக்கண்டும் திட்டத்தைக் கைவிடவில்லை.

அவர் உடல்தான் கைவிட்டது. நுரையீரல் முன்னரே பழுதுபட்டிருந்தது. கூடாரத்து அனலும் மழைக்கால ஈரமும் அதற்கு மருந்தாகுமா? சென்னை மேசைக்குத் திரும்பியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கக்கூடும். அவர் வடக்கிலேயே இருந்துவிட்டார். சிவகாசி அக்காலத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அறியாத ஊர். அத்தொழில்கள் 1920-கள் முதற்கொண்டு வந்தவை. அங்கே 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நுரையீரலில் இரத்தக்குழாய் உடைந்து திடீரென உயிர் நீங்கிற்று. வயது நாற்பத்துமூன்று. பென் ஐயர் உடனிருந்தார். அடுத்த பத்தாம் நாளில், நவம்பர் முதல் தேதி, கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி தொடங்கியதாக ஊர்தோறும் விளம்பரம் வாசிக்கப்பட்டது. வடதிருநெல்வேலியில் புதிய ஆட்சி பிறக்கும் ஆரவாரத்தில், அங்கிருந்த கூடாரங்களில் ஒன்று வெறுமையாய் நின்றதைக் கவனித்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

பென் ஐயரும் மெடோஸ் ஐயரும் வேலையைத் தொடர்ந்து நடத்தினர். ஆனால் கூடாரம் நாளடைவிற் கட்டடத்திற்கு இடம் கொடுத்தது. சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் மிஷன் நிலையமாயிற்று. அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் எழுந்தது. குடும்பங்கள் வந்தன, பூட்டியிருந்த பாதிக் கதவுகளும் மெல்லத் திறந்தன. ராக்லாண்டு ஐயரின் கல்லூரியைச் சேர்ந்த பெரோன் என்பவர் அவருடைய சரித்திரத்தை 1861-இல் வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அதே வாழ்க்கையை மறுபடியும் எழுதினார். திக்கற்ற பெண்குழந்தைகள் பலருக்குத் தாயாயிருந்த விவாகமற்ற ஓர் அம்மையார், தாயையறியாத விவாகமற்ற ஒருவரின் கதையைத் தேடி எடுத்தது பொருத்தமே.

இன்னும் ஒரு செய்தியைச் சொல்லி நிறுத்துவோம். தங்கள் காசில் உபதேசிமாரை வடக்கே அனுப்பிய அதே தென்பாகத்துச் சபையார் 1903-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனெரி சங்கம் என்ற ஒன்றை ஏற்படுத்தி, நிஜாம் இராச்சியத்துத் தோர்ணக்கல் பகுதிக்குத் தமிழரையே மிஷனெரிமாராக அனுப்பினர். சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர் மெய்ஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரிலிருப்பது தகாதென்று 1909-இல் அவரும் தம் மனைவியாராகிய அன்பு மரியம்மாளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தோர்ணக்கலுக்குப் புறப்பட்டார். இம்முறை கடல்கடந்து வந்தவர் போன்று வேற்றுமொழி கற்கவேண்டியவர் தமிழர். கற்கவேண்டிய மொழி தெலுங்கு. அங்கே போய்ச் சேர்ந்தபொழுது அவர்களுக்கு வீடு இல்லை. அக்குடும்பம் முதலிற் குடியிருந்தது ஒரு கூடாரத்தில்.